ஐம்பதில் நின்ற முள்

“டப்புன்னு சத்தம் வந்ததும் பெட்ரோலை நிறுத்திடணும். அதுக்கு மேல ஊத்தினா வீண். ஐம்பதைத் தாண்டாம ஓட்டினா லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் தரும், பாரு.”

“ஆமா, சைக்கிள்கூட நம்மை முந்திட்டுப் போகுது,” என்று டீச்சர் அன்று கணவரைக் கிண்டல் செய்தாள். கடைசிவரை அவர் கார் ஸ்டியரிங்கை அவளிடம் தரவில்லை. அவளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அவர் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இப்போது அவளே ஓட்டப் பழகி, கன்னாபின்னாவென்று மிதிக்கிறாள். ஆனாலும் டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் லிட்டருக்கு இருபத்திரண்டுதான் வருகிறது.

“உங்க மிதிக்குப் பதினைஞ்சு தந்தாலே பெரிசும்மா,” என்றார் மெக்கானிக்.

இன்று மதியம் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. பின்சீட்டில் சுருண்டு கிடந்தவள், “அம்மா, சீக்கிரம் போம்மா!” என்று அலறினாள்.

சாலை காலியாகத்தான் கிடந்தது. டீச்சர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். முள் ஐம்பதில் நின்றது. பலம் கொண்ட மட்டும் மிதித்தாள். அடியில் யாரோ பாதம் கொடுத்துத் தாங்குவதுபோல் பெடல் மெல்ல மேலே எழும்பியது.

பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமலே டீச்சர் சொன்னாள்:

“ஏங்க, இந்த ஒரு தடவை என்னை ஓட்ட விடுங்களேன்.”