கூரைப் பாலமும் ஒரு வாய்ச் சேறும்

மழையில் நனைந்து மரம் உளுத்துப் போகக் கூடாதென்று தலைக்குமேல் கூரை போட்ட பாலம் ஒன்று, ஓர் ஆற்றின் மேல் எழுபது வருஷம் நின்றது. அதற்குச் சுத்தம் முக்கியம். உத்தரத்தில் சேற்றுக் கூடு கட்ட வரும் தகைவிலான் குருவியோடு தினமும் சண்டைதான். "சேறும் நீயும். வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்று எரிந்து விழும்.

பிறகு ஆற்றில் சிமெண்டுப் பாலம் வந்தது. பழையதை விறகாக்க யாருக்கும் மனசு வரவில்லை. பலகை பலகையாகக் கழற்றி, எண் போட்டு, லாரியில் ஏற்றி, டவுன் பூங்காவின் புல்தரையில் அப்படியே நிறுத்தினார்கள். வர்ணம் பூசினார்கள். யாரும் ஏறக் கூடாதென்று கம்பிவேலியும் போட்டார்கள். ஒரு கரையான்கூட அண்ட முடியாது.

பாலத்துக்குக் கீழே மட்டும் சத்தமே இல்லை. மழை பெய்யும்போதெல்லாம் அது காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். தண்ணீர் கூரையில்தான் ஓடும், காலடியில் ஓடாது.

ஒருநாள் அந்தக் குருவி வேலியில் வந்து உட்கார்ந்தது. வாயில் சேற்றுருண்டை இருந்ததால் பேச்சு குழறியது.

"பயப்படாத, புது வர்ணத்துல வைக்க மாட்டேன். கொஞ்சம் இளைப்பாறிட்டுப் போயிடறேன்."

பாலம் அந்தச் சேற்றுருண்டையையே பார்த்தது.

"எங்க எடுத்த சேறு அது?"

"நம்ம ஆத்துலதான்."

"அப்ப என் உத்தரத்துல வை," என்றது பாலம். "ஈரம் காயறதுக்குள்ள வை."