சிப்பாய் வேடம்

ஆள் உயரமாக இருந்ததால் யோகராசாவுக்குச் சிப்பாய் வேடம் கொடுத்தார்கள். ஈழப் போரைப் பற்றிய படம் அது. கூட்டத்துக்கு வேண்டிய ஆட்களைப் பக்கத்து அகதி முகாமிலிருந்தே கூட்டிவந்திருந்தார்கள். அவருடைய மனைவி சிவமலரும் அழும் பெண்களோடு நின்றாள்.

"கதவை உதைச்சுத் திறந்து பையனைத் தரதரன்னு இழுத்துட்டு வர்றீங்க. பாவமே பார்க்கக் கூடாதுண்ணே," என்றார் இயக்குநர்.

யோகராசா உதைத்தார். மகனாக நடித்த கல்லூரி மாணவனைச் சட்டையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தார். நின்ற இடத்திலேயே அழ வேண்டிய சிவமலர் ஓடிவந்து அவருடைய சப்பாத்துக் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"சேர், அவன் சின்னப் பிள்ளை சேர். சாப்பாட்டில இருந்தவன். கையைக் கழுவவாவது விடுங்கோ சேர்!"

யோகராசாவின் பிடி தளர்ந்தது. அவர்களுடைய மகனை இலங்கை ஆமி பிடித்துப்போன அன்று அவர் கடலில் இருந்தார். கரைக்கு வந்தவரிடம், "கொண்டு போயிட்டாங்கள்" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடத்தில் அதற்குமேல் அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. பிள்ளை சோற்றுக் கையோடு போனான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"கட்! பிரமாதம்!" என்று இயக்குநர் கைதட்டினார். மாணவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

யோகராசா தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "மலர், இது நானப்பா. என்னைப் பாரும்."

அவள் நிமிர்ந்து அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"பிள்ளையை எங்கை சேர் கொண்டுபோறியள்?" என்று கேட்டாள்.