ரேணுகாம்பாள் வீட்டு வத்தக்குழம்பு

"இது என் குழம்பு. யார்மா திருடினது?"

ரேணுகாம்பாள் கரண்டியை மேஜைமேல் போட்ட வேகத்தில் மைக் கீச்சிட்டது. கல்யாண மண்டபத்தில் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்த பெண்கள் விசிறுவதை நிறுத்தினார்கள்.

காஞ்சிபுரத்து இல்லத்தரசிகள் மன்றம் நடத்தும் 'அடுப்படி அரசி' போட்டியின் கடைசிச் சுற்று அது. விதி ஒன்றே ஒன்றுதான். வத்தக்குழம்பை அவரவர் வீட்டில், அவரவர் கையால் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஜெயிப்பவருக்குச் சரிகைக் கரை போட்ட பட்டு ஏப்ரன் பரிசு. மன்றத் தலைவி ரேணுகாம்பாளின் கணவர் பட்டு ஜவுளிக்கடைக்காரர். இதற்கென்றே தறியில் ஏற்றி நெய்யச் சொல்லியிருந்தார்.

அதே மாதிரி ஏப்ரன் ஒன்றைத் தலைவியும் கட்டியிருந்தாள். அதில் ஒரு சொட்டுக் குழம்பு பட்டாலும் போச்சு என்பதால் கையை முழு நீளத்துக்கு நீட்டி, கழுத்தை மட்டும் முன்னால் கொண்டுபோய்த்தான் ருசி பார்த்தாள். இடுப்பில் வெள்ளிக் கொக்கியில் வீட்டுச் சாவிக்கொத்து. வெளியே கிளம்பினால் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற கொத்துதான். குடும்பத்தலைவி என்றால் இடுப்பில் சாவி தொங்க வேண்டாமா? இன்றைக்கு மேடைக்காகச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்கு முன்பே அரைமணி நேரம் பேசியும் இருந்தாள். "சமையக்கட்டுதாம்மா நமக்குக் கோயில். கும்பிட வேற ஆளையா அனுப்புவோம்? குழம்பு கொதிச்சு அந்த ஆவி மூஞ்சில அடிக்குது பாரு, அந்த சந்தோஷத்தை எந்த ஆபீஸ்ல குடுப்பான்?" கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

இப்போது அந்த முகம் சிவந்துபோயிருந்தது.

"சத்யப்ரியா, இதுல கடைசியா சுக்குப்பொடி தூவியிருக்கே. யார் சொன்னது உனக்கு?"

"இல்ல மேடம்... எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமா? வத்தக்குழம்புல சுக்கு போடறது எங்க வீட்டு ரகசியம். என் சம்பந்தியம்மா நாலு தடவை கேட்டுட்டாங்க. அவங்களுக்கே நான் சொல்லல."

அடுத்த பாத்திரம் துர்காவுடையது. ரேணுகாம்பாள் நாக்கில் வைத்தாள், கண்ணை மூடினாள், திறந்தபோது பார்வையில் நெருப்பு இருந்தது. மூன்றாவதான கிருஷ்ணவேணியின் பாத்திரத்தை ருசிக்கவே இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்தவள், பட்டென்று மூடினாள்.

"மூணும் ஒண்ணு. மூணும் ஒரே கை வெச்சது. பத்து வருஷமா என் நாக்குல இருக்கிற ருசி இது. என்னை ஏமாத்தவா பாக்கறீங்க?"

மன்றச் செயலாளர் சுகாசினி செல்போனைக் கையில் பிடித்தபடி கிட்டே வந்தாள். "மேடம், லைவ் ஓடிக்கினு இருக்குது. கட் பண்ணிடட்டுமா?"

"ஓடட்டும்மா. ஊரே பாக்கட்டும். திருட்டுன்னா என்னான்னு தெரியட்டும்."

துர்காதான் முதலில் உடைந்தாள். "நான் வைக்கல மேடம். சமையலுக்கு ஆள் வெச்சிருக்கேன். ஸ்கூல்ல பாடம் எடுத்துட்டு, ரெண்டு பசங்களையும் பாத்துக்கினு, எனக்கு எங்க மேடம் நேரம்?"

"அடிப்பாவி, நீயுமா?" என்று சத்யப்ரியா வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பாடா," என்றாள் கிருஷ்ணவேணி. "நான் ஒருத்திதான்னு காலையிலேர்ந்து பயந்துக்கினு இருந்தேன்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சிரிக்கறீங்களா? வெக்கமா இல்ல? புருஷன் 'பிரமாதம்'னு சொல்றப்போ, 'நான் வெச்சது'ன்னு தலையை ஆட்ட எப்படிம்மா மனசு வருது? ஊரான் கை வெச்ச குழம்புக்கு நீங்க பேர் வாங்குவீங்க, அதுக்கு நான் பட்டு ஏப்ரன் கட்டிவிடணுமா? சொந்த அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியாதவங்களுக்கு இந்த மேடையில இடம் கிடையாது."

முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் யார் கை என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம். செல்போன் திரையில் மட்டும் இதயங்கள் பறந்துகொண்டிருந்தன.

"ஏப்ரன் யாருக்கும் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னாள் ரேணுகாம்பாள். "ஆனா இந்தக் குழம்பை வெச்ச ஆள் இங்க வந்தாகணும். என் ரகசியம் அந்தக் கைக்கு எப்படிப் போச்சுன்னு நான் நேருக்கு நேரா கேக்கணும். கேக்காம வீட்டுக்குப் போகமாட்டேன்."

"போய்க் கூப்பிட வேணாம் மேடம்," என்றாள் துர்கா, கதவுப் பக்கம் பார்த்தபடி. "அதோ, அவங்களே வந்து நிக்கறாங்க."

சத்யப்ரியாவும் கிருஷ்ணவேணியும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகாசினி செல்போனைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒயர் கூடையை இடக்கையில் மாட்டிக்கொண்டு, நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றியபடி எல்லம்மாள் உள்ளே வந்தாள். துர்காவைத் தாண்டினாள். சத்யப்ரியாவையும் கிருஷ்ணவேணியையும் தாண்டினாள். படியேறி நேராக மேடைக்கு வந்து, ரேணுகாம்பாளின் இடுப்பை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எதிர்வீட்டுல கேட்டா, இன்னிக்கு நீங்க சாவி குடுக்கலன்றாங்க. குடுங்கம்மா, ஐயா சாப்பிட வர நேரம். ஓடிப்போய் உங்க வீட்டுக் குழம்பையும் வெச்சிடறேன்."