மதிலிலும் ஜன்னலிலும்

வேப்பமரத்துக் காகத்தின் இரண்டு குஞ்சுகளையும் சாம்பல் பூனை தின்றுவிட்டது. தாய்க்காகம் கத்தியதும் ஊர்க் காகங்களெல்லாம் மீன்கடை மதிலில் கூடிவிட்டன. காகங்களுக்கு அழைப்பிதழா வேண்டும்? பூனை கடைக்கு வரும்போதெல்லாம் ஒரே கூச்சல்.

"போதும்டி, தலை வலிக்குது" என்றது பூனை.

"நல்லா வலிக்கட்டும்" என்றது தாய்க்காகம்.

ஓர் அண்டங்காக்கைக்கு மட்டும் இது போதவில்லை. பூனையின் பின்னாலேயே போய், அது குட்டி போட்டிருந்த பரணைக் கண்டுபிடித்தது. எதிர் ஜன்னல் கம்பியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டது. பூனை எங்கே போனாலும் கூடவே போனது, திரும்பினால் மறுபடி அதே கம்பி. கடைசியில் பூனை வெளியே போகவே பயந்து, பட்டினியாகக் குட்டிகளை அணைத்துக்கொண்டு கிடந்தது.

மூன்றாம் நாள் அண்டங்காக்கை பெருமையோடு தாய்க்காகத்தைக் கூட்டிவந்தது.

"பாருக்கா, எப்படி நடுங்குது! எல்லாம் உனக்காகத்தான்."

தாய்க்காகம் கம்பியில் உட்கார்ந்து பரணைப் பார்த்தது. மூன்று குட்டிகள், இன்னும் கண் திறக்கவில்லை.

"இங்கே நீ என்னதான் பண்றே?"

"ஒண்ணும் பண்ணலக்கா. சும்மா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"இவளும் என் மரத்தடியில மூணு நாள் சும்மா பாத்துக்கிட்டுதான் இருந்தா" என்றது தாய்க்காகம். "கிளம்பு. இவ பசியாறக் கடைக்கு வரணும். மதில்ல நான் இன்னும் கத்தி முடிக்கல."