எதிர்க்கட்சியின் மௌனம்

"அண்ணே, நம்ம அரசாங்கம் மாதிரி உலகத்துலயே ஒரு அரசாங்கம் கிடையாதுண்ணே" என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு, தொண்டையில் முள் சிக்கியவர் போல ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

தையல்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சட்டைக் காலரைத் திருப்பி மடித்து ஊசிக்கு அடியில் தள்ளினார். மிஷின் மட்டும் கடகடவென்று பேசியது.

திரைக்குப் பின்னால் நின்றிருந்த தையல்காரரின் மகள், 'இன்னும் கொஞ்சம்' என்று கையைக் காட்டினாள்.

ஏற்பாடு அவளுடையதுதான். தையல்காரருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, புண்ணும் ஆறிவிட்டது. "இனிமே தினமும் பேசணும். பேசாம விட்டா குரல் இறுகிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் வாயைத் திறந்தால்தானே. டீ வேண்டுமா என்றால் தலையாட்டினார். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால், துணியில் குறி போடும் சாக்கட்டியால் மேஜையில் எழுதிக் காட்டினார்.

பேசத் தெரியாதவரும் இல்லை. தெருவில் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்றுதான் பெயர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அரசாங்கத்தைத் திட்டுவார். வந்தால், நேற்று ஏன் வரவில்லை என்று திட்டுவார். பேன்ட் தைக்க வந்தவருக்கு இடுப்பளவு எடுத்து முடிப்பதற்குள் மூன்று மந்திரிகளையாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அதனால்தான் மகள் எதிர்வீட்டுக் கண்டக்டரைப் பிடித்தாள். "அப்பா முன்னாடி யாராவது அரசாங்கத்தைப் புகழ்ந்தா போதும் மாமா. கொதிச்சுப்போய்ப் பேசிடுவார்."

"என்னை விட்டுடும்மா. முப்பது வருஷம் அரசாங்க பஸ்ல குலுங்கினவன் நான். என் வாயில எப்படிம்மா நல்ல வார்த்தை வரும்?"

"அப்பாவுக்காக மாமா."

அதற்கு மேல் அவரால் தட்ட முடியவில்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அரசாங்கத்தைப் புகழ்ந்தார்.

பொய் இரண்டே நாளில் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் நிஜத்தைத் தேட வேண்டியதாயிற்று.

"மழை பெஞ்சா ஊரே மிதக்குது, ஒத்துக்கறேன். ஆனா என் தங்கச்சி வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப, தீயணைப்புல இருந்து ஒரு பொண்ணு வந்து அவ மாமியாரைத் தோள்ல தூக்கிட்டு வந்துச்சுண்ணே. யாரு, எவருன்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்த மாமியார் தூக்கறவங்களையும் திட்டற ஆளு."

மிஷின் ஒரு கணம் நின்றது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மிஷின் மறுபடி ஓடியது.

மறுநாள் பேச்சில் பள்ளிக்கூடம் வந்தது. "என் பொண்ணு படிச்ச அரசாங்க ஸ்கூல்ல கூரை ஒழுகும். ஒழுகற இடத்துல வாளியை வெச்சுட்டு, அந்தக் கணக்கு டீச்சர் அது பாட்டுக்குப் பாடம் நடத்தும். இன்னிக்கு என் பொண்ணு வேலைக்குப் போறான்னா அந்த டீச்சர்தாண்ணே."

தையல்காரர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்ததோடு சரி, வாய்க்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

வாசலில் மகள் கண்டக்டரை மறித்தாள். "இவ்வளவு மெதுவாச் சொன்னா அப்பாவுக்கு எப்படி மாமா கோபம் வரும்? உப்புமில்ல, உறைப்புமில்ல."

"பொய்யா இருந்தா கத்திச் சொல்லிடலாம்மா. நிஜத்தைக் கத்திச் சொல்ல வரமாட்டேங்குது."

"நாளைக்கு டாக்டர் பாக்கறார். அதுக்குள்ள பேசலைன்னா கஷ்டம்னு சொல்லிட்டார்." அவள் கடைக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "அப்பா திட்டற சத்தத்துலதான் மாமா நான் வளர்ந்தேன். இப்ப வீடு வீடாவே இல்ல."

அடுத்த நாள் காலை, டாக்டரிடம் புறப்படுவதற்கு முன்பே கண்டக்டர் வந்தார். முழங்காலில் பேன்ட் கிழிந்திருந்தது. ஒரு செருப்பு காலில், இன்னொன்று கையில். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்திருக்கிறார்.

திரைக்குப் பின்னாலிருந்து மகள் கை கூப்பினாள்.

"நம்ம அரசாங்கம் இருக்குதே அண்ணே..." என்று கடமை தவறாமல் ஆரம்பித்தார் கண்டக்டர். முழங்கால் சுரீர் என்றது. "நாசமாப் போகட்டும்ணே. தோண்டத் தெரியுது, மூடத் தெரியல. இதெல்லாம் ஒரு நாடா? இங்க உருப்படியா எதுவுமே கிடையாது. பொறந்ததே தப்பு."

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மிஷின் நின்றது.

"அப்படிச் சொல்லாதய்யா."

எண்ணெய் காணாத கதவைத் திறந்தது போலக் கரகரத்துக்கொண்டு வந்தது குரல். ஆனால் வந்துவிட்டது. மகள் ஓடிவந்து அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். கண்டக்டர் கையிலிருந்த செருப்பால் கண்ணைத் துடைக்கப் போய், சுதாரித்துக்கொண்டு, சட்டைக் கையால் துடைத்தார்.

"ஏம்ப்பா, மாமா இத்தனை நாளா அரசாங்கத்தை அந்தப் புகழ் புகழ்ந்தாரே, அப்பல்லாம் உங்களுக்குக் கோபமே வரலியா?"

"முதல்ல வலிக்குமோன்னு பயந்தேன். ஆனா தனியா இருக்கறப்ப பேசிப் பாத்தேன், குரல் எப்பவோ வந்துடுச்சும்மா." தையல்காரர் எச்சில் விழுங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் திட்டறப்பல்லாம், 'இல்லய்யா, இங்க நல்லதும் இருக்கு'ன்னு யாராவது என்னை மடக்க மாட்டாங்களான்னு பாப்பேன். எல்லாரும் ஆமாஞ்சாமி போட்டுட்டுப் போயிடுவாங்க. இப்பத்தான் ஒருத்தர் சொல்ல ஆரம்பிச்சார். நான் வாயைத் திறந்தா அவர் நிறுத்திடுவாரேன்னுதான் பேசாம இருந்தேன்."