லாக்கர்காரர் வீட்டுக் கதவு

"பத்துப் பேர் சேர்ந்து இடிச்சாலும் இந்தக் கதவு மசியாது மச்சான். சந்தேகம்னா உன் ஆளுங்களைக் கூப்பிடு, இப்பவே பார்த்துடலாம்!"

லாக்கர்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு தன் மனைவியின் தம்பியிடம் சொன்னார். வங்கிகளுக்குப் பெட்டக அறைக் கதவு செய்யும் பட்டறையில் நாற்பது வருடமாக வேலை பார்ப்பவர். தெருவில் அவர் பெயரே லாக்கர்காரர்தான். அவர் செய்த கதவை இதுவரை எந்தத் திருடனும் திறந்ததில்லை. இதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே மூன்று மாதத்துக்கு முன்னால் பட்டப்பகலில் திருடன் புகுந்துவிட்டான். பின்கதவுத் தாழ்ப்பாள் ஒரே நெம்பில் பெயர்ந்து வந்துவிட்டது. தனியாக இருந்த அவர் மனைவி குளியலறைக்குள் ஓடி, கதவை முதுகால் முட்டுக்கொடுத்தபடி அரை மணி நேரம் நின்றாள். அன்று மாலை கணவர் வந்ததுமே சொல்லிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் இரும்புக் கதவு செய்யறீங்க. எனக்கு வாய்ச்சது ஒரு பிளாஸ்டிக் கதவு. நீங்க வேலைக்குப் போனப்புறம் தனியா இந்த வீட்ல இருக்க என்னால ஆகாது. நான் பொண்ணு வீட்டுக்கே போயிடறேன்."

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"மூணு மாசம் டைம் குடு. இந்த வீட்டுக்குள்ளயே உனக்கு ஒரு பத்திரமான ரூம் கட்டித் தர்றேன். எவன் வந்தாலும் நீ பாட்டுக்கு உள்ள போய் உக்காந்துக்கலாம். அதுக்கப்புறமும் பயமா இருந்துச்சுன்னா, நானே உன்னை வண்டி ஏத்தி விடறேன்."

சுவர் வேலையை மனைவியின் தம்பி எடுத்துக்கொண்டார். அவர் கொத்தனார். படுக்கையறையை ஒட்டியிருந்த சாமான் அறையை இடித்துவிட்டு, கம்பி கட்டி முக்கால் அடி கனத்துக்குக் கான்கிரீட் போட்டார். காற்றுக்குக் கூரை வழியாக இரண்டு குழாய் விட்டார். உள்ளே ஒரு நாற்காலி, தண்ணீர் கேன், டார்ச் லைட், தொலைபேசி எல்லாம் வந்து சேர்ந்தன.

"கதவோட படத்தைக் காட்டுங்க மாமா, ஒரு தடவை பார்த்துடறேன்" என்று தம்பி கேட்டதும்தான் வம்பாகிவிட்டது.

"படமா? இந்தக் கை நாப்பது வருஷமா கதவு செய்யுது. கண்ணைக் கட்டி விட்டாலும் செய்யும். உனக்குச் சுவர் பூச நான் கத்துக் குடுத்தேனா? அப்ப என் கதவுல நீ மூக்கை நுழைக்காத!"

மனைவி கேட்டபோதும் அதே ஜம்பம்தான். "முழுசா முடியட்டும். ஒரேயடியா பார்த்து அசந்து போ."

இன்று கதவு வந்து மாட்டியாகிவிட்டது. எண் வைத்த பூட்டு, பளபளக்கும் சக்கரம், ஆறு போல்ட்டுகள். தூக்கி வந்தவர்களுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"நான் உள்ள உக்காந்துக்கறேன். வெளிய இருந்து உடைச்சுப் பாருங்க" என்றாள் மனைவி.

"சபாஷ்! அப்படிக் கேளு!"

அவள் உள்ளே போனாள். லாக்கர்காரர் கதவைச் சாத்திச் சக்கரத்தைச் சுற்றினார். ஆறு போல்ட்டுகளும் கடகடவென்று சுவருக்குள் இறங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கே புல்லரித்தது.

தம்பியின் ஆட்கள் நான்கு பேர் சம்மட்டியும் கடப்பாரையுமாகப் பாய்ந்தார்கள். வீடே அதிர்ந்தது. என்னவோ ஏதோ என்று அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கடப்பாரை ஒன்று வளைந்ததுதான் மிச்சம். கதவில் பெயிண்ட் போனதைத் தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

லாக்கர்காரர் ஸ்பீக்கரைப் போட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். "உள்ள எப்படி இருக்கு?"

"யாரோ மரியாதையா கதவைத் தட்டற மாதிரி இருக்கு."

அதைக் கேட்டு வாசலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். "ஒத்துக்கறேன் மாமா. எங்க தோள்பட்டை கழண்டு போச்சு. நீங்க பெரிய ஆளுதான்!"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குளியலறைக் கதவை நினைத்து நினைத்து மூன்று மாதமாக உள்ளுக்குள் குறுகிக் கிடந்தவர். இப்போது தரையில் கால் பாவவில்லை. எண்ணைத் திருப்பி, சக்கரத்தைச் சுற்றி, ராஜா போலக் கதவைத் திறந்தார்.

மனைவி நிதானமாக வெளியே வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன, பொண்ணு வீட்டுக்குப் போகணுமா இனிமே?"

அவள் கதவின் உள்பக்கத்தை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு வெளிப்பக்கம் இருந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

"கதவு அபாரம்ங்க. உடைக்க இன்னொருத்தன் பிறந்துதான் வரணும். ஒரே ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு! ஆயிரம் கேளு!"

"பேங்க்ல பணத்தை உள்ள வெச்சா, வெளிய நின்னு பூட்டறதுக்கு மேனேஜர் இருக்கார். இங்க நான் உள்ள ஓடினதும் வெளிய நின்னு பூட்டி விடறது யாருங்க, அந்தத் திருடனா?"