எப்போதும்வென்றான் விலக்கு

"ஏட்டி, தெருமுக்குக் கடைக்கு நடந்தாலே உனக்கு மூச்சு வாங்குது. நீ திருச்செந்தூருக்கு நடக்கப் போறியாக்கும்?"

கடற்கரை கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லாரிக்கு டிரைவர் அவன். ஊர் ஊராகச் சுற்றுபவனுக்கு, நடந்து போகிறவர்களைக் கண்டால் எப்போதுமே கொஞ்சம் இளக்காரம்.

அவன் பெண்டாட்டி சீனித்தாய் பழைய மஞ்சள் சேலையைப் பச்சைச் சாயத்தில் முக்கி, குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தாள். புதுச் சேலை எடுக்கக் கையில் வசதி இல்லை. முருகனுக்குப் பச்சை நிறம் இருந்தால் போதும், புதுசா பழசா என்று அவர் கேட்கப் போவதில்லை.

"நா சொல்லுதேன், எழுதி வச்சுக்க. நீ எட்டயபுரமே தாண்ட மாட்டே."

"தாண்டாம இருந்தா எம் பிள்ளைக்குல்லா ஆகாது?" என்றாள் சீனித்தாய்.

அதற்குமேல் கடற்கரையால் சிரிக்க முடியவில்லை. ஐப்பசியில் மகள் மாரிசெல்வி மஞ்சள்காமாலையில் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சீனித்தாய் நேர்ந்துகொண்ட பாதயாத்திரை இது. பிள்ளை பிழைத்துப் பள்ளிக்கூடமும் போய்க்கொண்டிருக்கிறாள். நேர்ந்ததில் ஒரு பிசகு வந்தாலும் அந்தக் காமாலை திரும்பி வந்துவிடும் என்று சீனித்தாய்க்கு உள்ளூர நடுக்கம். தைப்பூசம் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

ஆனால் ஏற்பாட்டில் குறை வைக்கவில்லை. மைதா சாக்கைக் கிழித்துத் தோள்பை தைத்தாள். லாரி டயரில் வெட்டிய செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள், மலிவு, தேயவும் தேயாது. பொரிகடலை மாவு இடித்தாள். கடலைமிட்டாய்க் கடையில் உடைசலாக ஒதுக்கியதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவளோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேரும் கிளம்புவதாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருமாகக் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம்வரை நடந்து பழகினார்கள். போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் காலை நீவிக்கொண்டே பஸ் ஏறிவிடுவார்கள்.

"யக்கா, ஏறுங்க. டிக்கெட் நான் எடுக்குதேன்," என்றாள் முத்துசெல்வி. கூட்டத்திலேயே சின்னவள்.

"நீங்க போங்கட்டி. நான் நடந்தே வாரேன்."

"இந்த ஒரு டிக்கெட்டுல போயா மிச்சம் பிடிக்கணும்?"

சீனித்தாய் சிரித்து வைத்தாள். மிச்சம் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. வெயிலில் ஒற்றையாகக் கரிசல் காட்டு ரோட்டில் அவள் திரும்பி நடப்பதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, பாவம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

கிளம்பும் நாளில் மாரிசெல்வியைத் தங்கச்சி வீட்டில் விட்டாள். அன்றைக்கே கடற்கரையும் கேரளா லோடுக்குப் புறப்பட்டான்.

"முடியலைன்னா உக்காந்துரு. வீம்பு பண்ணாத," என்றான் லாரியில் ஏறிக்கொண்டே.

பூசம் கேரளாவிலேயே கழிந்தது. திரும்பியவனை வீட்டை எட்டிப் பார்க்கக்கூட விடாமல், சிவகாசியில் ஒரு லோடு ஏற்றித் தூத்துக்குடி துறைமுகத்துக்கு விரட்டிவிட்டார் முதலாளி. வீட்டில் போனும் கிடையாது. போன காரியம் என்ன ஆயிற்றோ என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே ஓட்டினான்.

எப்போதும்வென்றான் ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில், வேலிக்கருவை நிழலில் ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. பிரேக்கை மிதித்தான்.

"ஏட்டி சீனி, நீ இங்கனயா இருக்கே?"

சீனித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தாள். கேலி பேசத்தான் கடற்கரைக்கு வாய் துறுதுறுத்தது. அந்தக் காலைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு வண்டியிலிருந்து குதித்து இறங்கினான்.

"உன்ன விட்டுட்டு அவிய போயிட்டாவளா?"

"ஆமா. நான்தான் போகச் சொன்னேன். எனக்காக அவிய ஏன் காத்துக் கிடக்கணும்?"

"பூசமே முடிஞ்சு போச்சேட்டி. இனி எப்பப் போய்ச் சேர?"

"நாளைக்குச் சேந்துருவேன்."

"இந்தக் காலோடயா?" கடற்கரை அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "எட்டயபுரம் தாண்ட மாட்டேன்னு சொன்னேன், தாண்டிட்டே. அதுவே பெருசு. வண்டியில ஏறு. லோடை இறக்கிட்டு நானே திருச்செந்தூர்ல கொண்டுபோய் விடுதேன். நடந்து வந்ததாவே இருக்கட்டும், நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"நீங்க விட மாட்டீங்க. முருகனுக்குத் தெரியாதா?"

சீனித்தாய் கையை ஊன்றி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லாரி வந்த பக்கமாகவே நடக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, வெயில்ல புத்தி கெட்டுப்போச்சா? திருச்செந்தூர் அந்தப் பக்கம். இது நம்ம ஊருக்குல்லா போகுது," என்று பதறிப்போய் ஓடி மறித்தான் கடற்கரை.

சீனித்தாய் பையைத் துழாவி, திருச்செந்தூர்க் கோயிலில் மட்டுமே கொடுக்கும் பன்னீர் இலை விபூதியை எடுத்துப் பிரித்து, புருஷன் நெற்றியில் நிறையப் பூசினாள்.

"பூசத்தன்னிக்கே கும்பிட்டாச்சுங்க, அவியதான் வேன் பிடிச்சு ஊருக்குப் போயிட்டாவ. பிள்ளை அப்படிக் கிடக்கையில 'நடந்து போறேன்'னு சொல்ல எனக்கு வாய் வருமா? 'நடந்தே போயிட்டு வாரேன் முருகா'ன்னுல்லா நேர்ந்துக்கிட்டேன்," என்று சிரித்துவிட்டு, கோவில்பட்டியைப் பார்த்து நடையைக் கட்டினாள் சீனித்தாய்.